ராத்திரியில் ஃபிரிட்ஜ் அணைகிறதா? முதலில் ஒயரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிரேக்கன்ஸ்பெர்க் மலைக்கு பாக்கியில் (பிக்கப் வண்டியில்) கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: பின்பெட்டியில் ஃபிரிட்ஜுக்காக வைத்த இரண்டாவது பேட்டரி புதுசு, பகல் முழுக்க வண்டி ஓடியது, ஆனாலும் விடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறதே, ஏன்?

உடனே பேட்டரியை மாற்றாதீர்கள், காசுதான் வீண். பெரும்பாலும் குற்றவாளி ஒயர்: அதில் வோல்டேஜ் குறைந்தால் பின் பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறாது. முன்பக்கத்திலிருந்து பின்பெட்டிக்குப் போய்வர 10 மீட்டர் என்றால், 6 சதுர மி.மீ. செப்பு ஒயரில் 25 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டைத் தாண்டாது. ரிலே (இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சுவிட்ச்) வழியாக சார்ஜ் ஏறும்போதே, மல்டிமீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பின் பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். காட்டுகிற எண்தான் அந்தப் பக்கத்து இழப்பு. நெகட்டிவையும் இப்படியே பாருங்கள். அங்கே கூடுதலாகக் காட்டினால் எர்த் போல்ட்டை (நெகட்டிவ் ஒயரை வண்டியின் உலோக உடலோடு இணைக்கும் போல்ட்) கழற்றுங்கள். கடற்காற்றில் அடியில் துரு பூத்திருக்கும். வெறும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (கணினி கட்டுப்படுத்தும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) உள்ள புது வண்டிக்கு ரிலே போதாது. ஓட்டத்தில் அந்த ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே இறக்கிவிடும்; குறைந்த வோல்டேஜையும் உயர்த்தி பின் பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி.

பாசிட்டிவ் ஒயரின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் கட்டாயம். ஒயர் நடுவில் உரசி வண்டியின் பாடியில் பட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து எரிக்கும்.