நன்றியுரை படித்த ஆறு மாதம்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பக்கம் இல்லை, ஆய்வுத் தரவுப் பிரிவு. எங்கள் பேராசிரியர்கள் எத்தனை கட்டுரை எழுதினார்கள், யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று கணக்கெடுத்துக் கொடுப்பதுதான் தினப்படி வேலை. 2016-இல் மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வெளிவரத் தொடங்கியதிலிருந்து இந்தக் கணக்குக்கு மவுசு கூடிவிட்டது. கட்டுரைகளின் எண்ணிக்கையை அவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மாதிரியான தரவுத்தளங்களிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

ஒருமுறை, துறைகளுக்கிடையே கூட்டு ஆய்வு எப்படி நடக்கிறது என்று வரைபடமாகக் கேட்டார்கள். ஸ்கோபஸ் தரவை இறக்கி வோஸ்வியூவர் மென்பொருளில் போட்டேன். ஆளுக்கு ஒரு புள்ளி. இருவர் சேர்ந்து கட்டுரை எழுதியிருந்தால் நடுவே ஒரு கோடு. வேதியியல், இயற்பியல் பக்கமெல்லாம் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு வந்தது. தமிழ், வரலாறு, இசை மூன்றும் ஓரத்தில் எதோடும் ஒட்டாத சில புள்ளிகளாக நின்றன. பலருக்குப் புள்ளியே இல்லை.

தமிழ்த் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார். "நாங்க யாரும் யார்கூடவும் பேசறதே இல்லன்னு வந்திருக்கே தம்பி" என்றார். கோபமில்லை, வருத்தம்தான். மறுநாள் ஒரு துணிப்பை நிறையப் புத்தகங்களோடு வந்தார். "முன்னுரை மட்டும் படிங்க, போதும்."

பையில் மேலாக இருந்தது உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணி. 1887-இல் முதலில் வெளிவந்த பதிப்பு. பதிப்பாசிரியர் என்று ஒரே பெயர். ஆனால் அந்த நூலின் பக்கம் அவரைத் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார். சமண சமயச் செய்திகள் புரியாமல் திணறியபோது விளக்கம் சொன்னவர்கள் கும்பகோணத்துச் சமண அன்பர்கள். 1898-இல் மணிமேகலை வந்தபோது பௌத்தத்தைப் புரியவைத்தவர் மளூர் ரங்காசாரியார். ஏடு கொடுத்தவர்களின் பட்டியல் தனி. இத்தனை பேர் கைபட்ட வேலையை என் மென்பொருள் வரைந்தால் ஒற்றைப் புள்ளிதான் விழும்.

அதே பையில் 1978-இல் வந்த சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பும் இருந்தது. நொபொரு கராஷிமா, எ.சுப்பராயலு, தோரு மட்சுயி என்று மூன்று ஆசிரியர்கள். இங்கே கோடு விழும், சரி. ஆனால் அந்தப் பெயர்கள் இருந்த கல்வெட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்தவர்களுக்கு?

அப்புறம் ஆறு மாதம் நான் முன்னுரையும் நன்றியுரையும்தான் படித்தேன். எக்செல்லில் பத்திகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின: ஏடு கொடுத்தவர், வாசித்துக் காட்டியவர், பாடிக் காட்டியவர், ஊருக்கு வழி சொன்னவர், மெய்ப்புப் பார்த்தவர். யார் என்ன பங்களித்தார் என்று குறிக்க உலக அளவில் 'கிரெடிட்' என்றொரு வகைப்பாடு புழங்குகிறது, 14 பங்குகள். முதலில் அதில் அடக்கப் பார்த்தேன். ஏடு கொடுத்தவரை 'வளங்கள்' என்ற பங்கில் சேர்க்கலாம். அதன் விளக்கத்தைப் படித்தால் வேதிப்பொருள்கள், நோயாளிகள், ஆய்வக மாதிரிகள், விலங்குகள் என்று போகிறது. தாத்தா காலத்து ஏட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவரை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் பத்திகளையே வைத்துக்கொண்டேன்.

பெயர்கள்தான் பெரும்பாடு. ஒரே ஆள் ஒரு நூலில் தலைப்பெழுத்தோடு, இன்னொன்றில் ஊர்ப் பெயரோடு, மற்றொன்றில் வெறும் 'நண்பர்'. நூலாசிரியர்களிடம் கேட்டுக் கேட்டு, தெரிந்தவரை ஒன்றுசேர்த்தேன்.

அப்படிச் சேர்த்தபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வரலாற்றுத் துறை நூலில், தமிழ்த் துறை ஆய்வேட்டில், இசைத் துறைக் கட்டுரையில்கூட. கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுத்துக் கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார், மாணவர்களுக்குக் கற்றுத்தர ஒரு கோயிலுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு நானும் போனேன்.

சுவரைத் தேய்த்துக் கழுவினார். நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கினார். காற்றில் காகிதம் எழும்பாமல் ஏணியில் நின்று மேல்விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தவர் அவருடைய மச்சான். ஈரம் பதமாக இருக்கும்போது துணிப்பந்தால் மையை ஒற்றினார். கறுப்புக்குள் வெள்ளையாக ஒவ்வோர் எழுத்தாக மேலே வந்தது. "அழுத்தினா மை பள்ளத்துக்குள்ள போயிரும் தம்பி, ஒத்தணும்" என்று என் கையில் பந்தைக் கொடுத்தார். நான் ஒற்றிய இடம் திட்டுத்திட்டாகப் போயிற்று.

நன்றியுரைப் பெயர்களையும் சேர்த்து வரைந்த புதிய வரைபடத்தில் மூன்று துறைகளையும் சேர்த்துப் பிடித்திருந்த பெரிய புள்ளி அவருடையதுதான். அலுவலகம் அதை ஏற்கவில்லை. சரிபார்க்க அடையாள எண் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். எனக்கு அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கணக்குக்கு முதல் படம் போயிற்று. இரண்டாவதை நூலக வாசலில் பெரிதாக அச்சிட்டு மாட்ட மட்டும் அனுமதி வாங்கினேன்.

ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தாளைத் தரையில் விரித்து, தன் பெயர்மேல் விரலை வைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டு போனார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"காயிதம் பிடிக்க எங்க மச்சான் எப்பவும் கூட வருவாரே, அவர் எங்க தம்பி?"

நான் படித்த எந்த நன்றியுரையிலும் அவர் இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். இருவரும் சேர்ந்து போன ஊர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். விளக்கு வைக்கும் நேரம் ஆகியும் செங்கல்பட்டுப் பக்கமே முடியவில்லை.