மே மாதத்தில் 20 டிகிரி

எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை, படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டி-76 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம் என்கிறது அட்டவணை. திருச்சியில் மே மாத மதியம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் 36 டிகிரி. நடுவில் நிற்கும் 16 டிகிரியை என்ன செய்வதென்று இரண்டு கோடைகள் திண்டாடினேன்.

முதல் சுருளை அறையின் சூட்டிலேயே, அதே 11 நிமிடம் கழுவினேன். நெகட்டிவ் கரிக்கட்டை போல வந்தது. வானம் இருந்த இடமெல்லாம் அடைத்துக்கொண்டு, பல்பின் முன்னால் பிடித்தாலும் வெளிச்சம் புகவில்லை. அன்று வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மட்டும்தான். அது 35-க்குக் கீழே எதையும் காட்டாது.

சரியான தெர்மாமீட்டர் வாங்கிய பிறகு குளிர்விப்பதில் இறங்கினேன். மருந்து பாட்டில் ஃபிரிட்ஜுக்குள் வரவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நியாயம்தான். ஆனால் தண்ணீருக்குத் தடையில்லை. 33 டிகிரியில் இருக்கும் டெவலப்பர் 150 மில்லி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 7 டிகிரித் தண்ணீர் 150 மில்லி: கலந்தால் மிகச் சரியாக 20! ஃபிலிமைச் சுற்றிய ரீல் உள்ளே இருக்கும், வெளிச்சம் புகாத டேங்கில் பெருமையோடு ஊற்றினேன். முடிந்து வெளியே கொட்டும்போது அளந்தால் 24. டேங்கும் ரீலும் என் உள்ளங்கையும் சூடு என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது போதாதென்று, கடைசியில் குழாயடியில் பிடித்து அலசினேன். வெந்நீர் பட்டால் ஃபிலிமின் மேல்பூச்சான ஜெலட்டின் ஊறி இளகிவிடும். தண்ணீரை வழிக்க விரலால் இழுத்தேன். சுருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு.

அதன் பிறகுதான் 20-ஐக் கைவிட்டேன். ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 24 டிகிரிக்கு எனக்கு ஏழரை நிமிடம் சரியாக அமைந்தது. இன்னும் சூடாக வைத்து 5 நிமிடத்துக்கும் கீழே போனால் மருந்து சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாகும். அந்த வழிக்கே போகவில்லை.

எனக்குக் கைகொடுத்தது மண்பானை. காற்று உலர்ந்திருக்கும் நாளில் இரவு முழுதும் ஊறிய பானைத் தண்ணீர் காலையில் 26, 27 டிகிரியில் நிற்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மிதக்கவிட்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், காலி டேங்க் எல்லாவற்றையும் அரை மணி நேரம் அதில் நிறுத்திவிடுகிறேன். ஐஸை மருந்துக்குள் போடக் கூடாது, உருகி நீர்த்துவிடும். ஃபிலிமை ரீலில் ஏற்றுவது தனிக் கொடுமை: வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை வியர்த்து, ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில் செய்வதைத் தவிர அதற்கு வேறு மருந்து தெரியவில்லை.

அலசுவதற்கும் பானைத் தண்ணீர்தான். எச்பி5 தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் முறையில் டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10, பிறகு 20. மூன்று தடவைக்கும் சேர்த்து ஒரு லிட்டர் கூட ஆவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானை காலியாக இருக்கிறதே என்று அம்மா கேட்கும்போது மட்டும் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறேன்.