இரவில் இரையும் பெட்டி

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீடு வாவிப் பக்கம். இரவு பத்து மணிக்குப் பிறகு தெரு அடங்கிவிடும். எனது கணினி மட்டும் இரைந்துகொண்டிருக்கும். அடுத்த அறையில் படுக்கும் அம்மா, "மனே, என்னடா அது விடாம இரையுது?" என்று கேட்ட அன்றுதான் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன்.

பெட்டியின் மூன்று ஃபேன்களும் முழு வேகத்தில், நிமிடத்துக்கு 1200 சுற்று. அவை இணைப்பில் மூன்று முள் (pin) உள்ள ஃபேன்கள். மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் வேகம் குறையும். மதர்போர்டோ நான்கு முள் ஃபேன்களுக்கான பி.டபிள்யூ.எம் முறையில், அதாவது நான்காவது முள் வழியாகத் துடிப்புச் சமிக்ஞை அனுப்பி வேகத்தை ஆளும் முறையில், இருந்தது. அதில் எந்நேரமும் 12 வோல்ட் போகும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிசி முறைக்கு மாற்றியதும் வேகம் கைக்குள் வந்தது.

600 சுற்றுக்கு இறக்கினேன். வேகம் பாதியானால் காற்றும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு விழும். எவ்வளவு நல்ல பேரம்! வீடியோ எடிட் செய்யும்போது சிபியு, அதாவது செயலியின் சூடு, 64 பாகையிலிருந்து 69க்கு ஏறியது, அவ்வளவுதான்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே கொதிக்கும். அதனால் 70ஐத் தாண்டினால் வேகம் கூடும்படி வைத்திருக்கிறேன், சில விநாடி தாமதத்தோடு. சீரான இரைச்சலைவிட ஏறி இறங்கும் சத்தம்தான் காதை உறுத்தும்.

அப்புறம் தூசு வலை. மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு அடைபட்ட வலை வழியாகக் காற்றை இழுக்கப் பலம் போதாது. கடற்கரை ஊர், மணலுக்குக் குறைவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றித் தட்டிவிடுகிறேன்.