காலாண்டு முடிவில் வரும் பில்

நிதி நிறுவனம் ஒன்று தன் தரவுப் பகுப்பாய்வைக் கிளவுடுக்கு மாற்ற முடிவெடுத்ததும், கொள்முதல் பிரிவிலிருந்து முதலில் வந்து சேர்வது ஓர் எக்செல் கோப்புதான். ஒருபக்கம் சேவை நிறுவனங்களின் பெயர்கள், மறுபக்கம் அலகு விலைகள். ஒருவர் டெராபைட்டுக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் கிரெடிட்டுக்கு (பயன்பாட்டை அளக்க அவரே வைத்துக்கொண்ட அலகு) இவ்வளவு என்கிறார், மூன்றாமவர் ஸ்லாட் (கணிப்புத் திறனின் ஓர் அலகு) ஒன்றுக்கு மணிக்கு இவ்வளவு என்கிறார். இம்மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து எது மலிவு என்று சொல்லும்படி என்னிடம் சிலமுறை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான்: உங்கள் வினவல்கள், அதாவது தரவிடம் கேட்கும் கேள்விகள், நாளின் எந்த நேரத்தில், மாதத்தின் எந்தத் தேதிகளில் ஓடுகின்றன? பெரும்பாலும் அதற்குப் பதில் இருப்பதில்லை. அந்தப் பதிவு இல்லாமல் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

படிக்கும் தரவின் அளவுக்குக் கட்டணம் என்ற முறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூகுளின் தரவுப் பகுப்பாய்வுச் சேவையான பிக்குவெரியில், அமெரிக்கப் பிராந்திய விலைப்படி, ஒரு டெராபைட் படிக்க 6.25 டாலர், 2023 ஜூலைக்கு முன்பு அது 5 டாலராக இருந்தது. அமேசானின் அதீனாவும் டெராபைட்டுக்கு 5 டாலர் என்ற இதே வழியில்தான் கணக்கிடுகிறது. நான்கு ஆண்டு வர்த்தகப் பதிவுகளைக் கொண்ட, 4 டெராபைட் அளவுள்ள ஓர் அட்டவணை பிக்குவெரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், அட்டவணையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக, எல்லாவற்றையும் காட்டு என்ற பொருளில் செலக்ட் ஸ்டார் எழுதி, பத்து வரிகள் போதும் என்று லிமிட் 10 சேர்க்கிறார். கிளஸ்டர் செய்யப்படாத, அதாவது ஒத்த மதிப்புகள் அருகருகே அடுக்கப்படாத அட்டவணையில் அந்த லிமிட் திரையில் காட்டப்படும் வரிகளைக் குறைக்குமே தவிர, படிக்கப்படும் தரவைக் குறைக்காது. பத்து வரிகளுக்கு 25 டாலர். அதே அட்டவணையை வர்த்தகத் தேதிவாரியாகப் பார்ட்டிஷன் செய்து, அதாவது தனித்தனியாகப் பிரித்து வைத்து, ஒரே ஒரு நாளை மட்டும் கேட்டால், ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்ற கணக்கில், ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 4 ஜிகாபைட் மட்டுமே படிக்கப்படுகிறது. கட்டணம் இரண்டரை சென்ட். அலகு விலை மாறவில்லை, தரவும் மாறவில்லை, ஆனால் பில் ஆயிரம் மடங்கு வேறுபடுகிறது. தேதி வடிகட்டி இல்லாத வினவலை அட்டவணையே ஏற்க மறுக்கும்படி ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவைக்க ஒரு நிமிடம் போதும் என்றாலும், முதல் பெரிய பில் வரும்வரை யாரும் அதைத் தேடுவதில்லை.

நேரத்துக்குக் கட்டணம் என்ற முறை வேறு விதமாகக் கடிக்கும். ஸ்னோஃப்ளேக் என்ற சேவையில் மிகச் சிறிய வேர்ஹவுஸ், அதாவது வினவல்களை ஓட்டும் கணிப்பொறித் தொகுப்பு, மணிக்கு 1 கிரெடிட் எடுக்கும். அளவு ஒரு படி ஏற ஏற 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும். நொடிக்கணக்கில்தான் கட்டணம் என்றாலும், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 நொடிகளுக்குக் கட்ட வேண்டும். இடர் மேலாண்மைக் குழுவுக்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒரு டாஷ்போர்டு இருக்கிறது, அதன் வினவல் மூன்று நொடியில் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் சும்மா இருந்தால் உறங்கு என்ற வழக்கமான அமைப்பை அப்படியே விட்டுவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ தட்டி எழுப்பிக்கொண்டிருப்பதால் அந்த வேர்ஹவுஸ் உறங்கவே உறங்காது. ஒரு நாளைக்கு 24 கிரெடிட். உண்மையில் நடந்த வேலையோ, 288 முறை மூன்று மூன்று நொடியாக, மொத்தம் பதினைந்து நிமிடம்கூட இல்லை. உறங்கும் இடைவெளியை 60 நொடியாகக் குறைத்தால் 5 அல்லது 6 கிரெடிட்டில் முடிந்துவிடும். நள்ளிரவில் அந்த டாஷ்போர்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அலுவல் நேரத்துக்கு மட்டும் புதுப்பித்தால் இன்னும் பாதியாகும். நான் இருந்த ஒரு குழுவில், பணியை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவருடைய டாஷ்போர்டு இப்படி மாதக்கணக்கில் விழித்திருந்தது. பில்லை வரிவரியாகப் பிரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

இங்கே நிதி நிறுவனங்களுக்கே உரிய ஒரு சுமை சேர்கிறது. ஸ்னோஃப்ளேக்கின் அமெரிக்கப் பட்டியல் விலையில் ஸ்டாண்டர்டு பதிப்புக்குக் கிரெடிட் 2 டாலர், என்டர்பிரைஸுக்கு 3 டாலர், பிசினஸ் கிரிட்டிகலுக்கு 4 டாலர். தனிப்பட்ட நெட்வொர்க் இணைப்பும், குறியாக்கச் சாவியில் வாடிக்கையாளருக்கும் பங்கு இருக்கும் ஏற்பாடும் மூன்றாவது பதிப்பில்தான் கிடைக்கின்றன. வங்கியின் தகவல் பாதுகாப்புப் பிரிவு இவ்விரண்டையும் கேட்காமல் இருக்காது. ஆகவே, விளம்பரத்தில் பார்த்த 2 டாலர் அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதே வினவலுக்கு இருமடங்கு கட்டுகிறார்கள். மேலே சொன்ன, 24 கிரெடிட் எடுக்கும் டாஷ்போர்டு இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 96 டாலர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பீட்டுக் கோப்பில் மலிவான பதிப்பின் விலையைப் போட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் உயர்ந்த பதிப்பை வாங்குவதைத்தான் குறையாகச் சொல்கிறேன்.

மற்றொன்று, மாத முடிவும் காலாண்டு முடிவும். கணக்கு முடிப்பு, ஒழுங்குமுறை அறிக்கைகள், இடர் மறுகணக்கீடு எல்லாம் அந்த இரண்டு மூன்று நாட்களில் வந்து குவியும். தேதியைத் தள்ளிப்போட யாருக்கும் அதிகாரமில்லை. விற்பனையாளர் அப்போதுதான் நீண்டகால ஒப்பந்தத்தின் தள்ளுபடியைக் காட்டுவார். பிக்குவெரியின் என்டர்பிரைஸ் பதிப்பில் ஒரு ஸ்லாட் மணிக்கு 0.06 டாலர்; மூன்றாண்டுக்கு உறுதியளித்தால் 0.036 டாலர், அதாவது 40 சதவீதத் தள்ளுபடி. ஒரு நிறுவனத்துக்கு வழக்கமாக 100 ஸ்லாட் போதும், மாதத்தில் மூன்று நாட்கள் மட்டும் 800 தேவை என்று கொள்வோம். உச்சத் தேவை முழுவதற்கும் உறுதியளித்தால் மாதம் சுமார் 21,000 டாலர். 100 ஸ்லாட்டுக்கு மட்டும் உறுதியளித்து, மீதி 700 ஸ்லாட்டை அந்த 72 மணி நேரத்துக்குத் தள்ளுபடியே இல்லாத விலையில் எடுத்தால், 2,628 டாலரும் 3,024 டாலரும் சேர்ந்து 5,652 டாலர். தள்ளுபடி வாங்கியவர் ஏறத்தாழ நான்கு மடங்கு கட்டுகிறார். பேரம் பேசும் மேசையில் 40 சதவீதம் என்ற எண் பெரிதாகத் தெரிவதால், இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சேமிப்பு மலிவு என்பார்கள். ஒரு பிரதிக்கு அது உண்மைதான். நிதிச் சந்தைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மிஃபிட் 2 விதிகள் வர்த்தகம் தொடர்பான பதிவுகளை ஐந்து ஆண்டுகள், மேற்பார்வை அமைப்பு கேட்டால் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 17ஏ-4 விதி, தரகு நிறுவனங்களின் சில பதிவுகளுக்கு ஆறு ஆண்டுகள் விதிக்கிறது. இவற்றை அன்றாடச் சேமிப்பிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. அமேசானின் அன்றாடச் சேமிப்பான எஸ்3 ஸ்டாண்டர்டில் ஒரு டெராபைட் மாதத்துக்குச் சுமார் 23 டாலர், நீண்டகாலக் காப்பகமான கிளேசியர் டீப் ஆர்க்கைவில் சுமார் 1 டாலர். ஆனால் பின்னதில் குறைந்தது 180 நாட்களுக்குக் கட்டியாக வேண்டும், திரும்ப எடுக்க 12 மணி நேரம்வரையோ அதற்கு மேலோ ஆகலாம். தணிக்கையாளர் காலையில் கேட்டதை மாலைக்குள் கொடுக்க வேண்டிய பதிவுகள் எவை என்று பிரிப்பது சட்டப் பிரிவின் வேலை. பெரும்பாலான இடங்களில் அதைப் பொறியாளர்கள் ஊகித்துச் செய்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிரதிகள்தான் உண்மையான சிக்கல். ஸ்னோஃப்ளேக்கில் பழைய நிலைக்குத் திரும்பிப் பார்க்கும் டைம் டிராவல் வசதியை 90 நாட்கள்வரை நீட்டலாம். அதற்குமேல் 7 நாள் ஃபெயில்சேஃப் என்ற அவசர மீட்புக் காலம் தானாகவே சேரும். கேட்பதற்குப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் முழுவதுமாக அழித்து மீண்டும் ஏற்றப்படும் 200 ஜிகாபைட் இடைநிலை அட்டவணைக்கு இதைப் பொருத்தினால், 97 நாள் பிரதிகள் சேர்ந்து 19 டெராபைட்டுக்கு மேல் போகும். அட்டவணையைத் திறந்து பார்ப்பவருக்கு 200 ஜிகாபைட்தான் தெரியும். இத்தகைய அட்டவணைகளை டிரான்சியன்ட் வகையாக உருவாக்கினால் ஃபெயில்சேஃப் இல்லை, டைம் டிராவலும் ஒரு நாளைத் தாண்டாது. மூலத் தரவு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும்போது இடைநிலை அட்டவணைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

கடைசியாக, வெளியேறும் செலவு. நிதித்துறையின் டிஜிட்டல் தாங்குதிறனுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் டோரா ஒழுங்குமுறை 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. முக்கியப் பணிகளை வெளிச் சேவையில் நடத்தும் நிதி நிறுவனங்கள், அங்கிருந்து விலகுவதற்கான திட்டத்தையும் எழுதி வைத்திருக்க வேண்டும். 2024-இன் தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே, முழுவதுமாக விலகும் வாடிக்கையாளருக்குத் தரவை வெளியே எடுக்கும் கட்டணம் இல்லை என்று அறிவித்தன. ஐரோப்பியத் தரவுச் சட்டமும் 2027 ஜனவரி 12 முதல் சேவை மாற்றக் கட்டணத்தையே தடைசெய்கிறது. ஒப்பந்தத்தில் வெளியேறும் கட்டணத்துக்கென இருந்த அந்த ஒரு வரி இப்படி மெல்ல அழிகிறது. ஒரு சேவையின் சொந்தச் செயற்கூறுகளை நம்பி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான வினவல்களை இன்னொரு சேவைக்கு மாற்றி எழுதி, இரண்டு காலாண்டுகளுக்குப் பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டி, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் செலவு மட்டும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. அடுத்த முறை எக்செல் கோப்பு வரும்போது, அதற்கும் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன்.