உட்கார ஒரு ஸ்டூல்

துணிக்கடையில் புடவை செக்‌ஷனில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் காலை மடக்க முடியும். ஆளே வராத மத்தியானத்தில்கூட உட்காரக் கூடாது. சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டு வந்துவிடுவார். ராத்திரி கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகப் புடைத்து நிற்கும். அம்மா வெந்நீர் ஊற்றுவாள்.

2018-இல் கேரளாவும் 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. கடை ஊழியர் எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தால் உட்காரலாம். பேப்பரில் படித்துவிட்டு அழுதேன்.

சரி, சட்டம் வந்தாயிற்று. அப்புறம்? போன வாரம் துணி எடுக்கப் போன இடத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, மேலே சட்டைப் பெட்டிகள். "உட்காரும்மா" என்றேன். அந்தப் பெண் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டிகளை நானே இறக்கி வைத்தேன்.