555 நோட்டும் விடியற்காலை மூன்று மணி விழிப்பும்

கடைக்காரருக்கு மன அழுத்தம் என்றால் உடனே தியானம், யோகா, கோயில் என்று வழி சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை நம்பிய ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரு தொகை தெரியாததால்தான். வெளியே மொத்தம் எவ்வளவு கடன் நிற்கிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் வராது. தெரியாத தொகை இருட்டில் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆகவே முதல் வேலை 555 நோட்டுகள், அதாவது வாடிக்கையாளர் கடனை எழுதிவைக்கும் சின்ன நோட்டுகள். கடை மூடிய பிறகு எல்லா நோட்டையும் எடுத்து ஒரே தாளில் ஏற்றுங்கள். குடும்பத்துக்கு ஒரு வரி: பெயர், மொத்த பாக்கி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, சம்பளத் தேதி. இந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். முன்பு ஊரே தோட்டச் சம்பளத்துக்குக் காத்திருந்தது. இப்போது லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தவர்களில் பலர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மாதக் கடைசியிலேயே சம்பளம் ஏறிவிடும், தோட்டத்துக்கு அடுத்த மாதம் 7 வாக்கில். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் கேட்டால், ஒரு கூட்டத்தின் கையில் காசு இன்னும் வந்திருக்காது, இன்னொன்றின் கையில் அது கரைந்திருக்கும்.

பிறகு பாக்கியை வயதுப்படி பிரியுங்கள். இந்தச் சம்பளத்துக்கு வர வேண்டியது, ஒரு சம்பளம் தாண்டியது, மூன்று சம்பளம் தாண்டியது. கடைசி வகையை வரவேண்டிய பணம் என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். வந்தால் லாபம். அதை நம்பிச் சரக்குக்குச் சொல்லிவைப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது. 40 குடும்பத்துக்குத் தலா 300 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 12,000 வெள்ளி வெளியே நிற்கிறது. அதில் கால்வாசி நழுவினால் 3,000. ஒரு வேலையாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1,700, முதலாளி பங்கு ஊழியர் சேமநிதி 221, சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்த்து மாதம் சுமார் 1,955 வெள்ளி ஆகிறது. (ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்தாலும் 2025 ஆகஸ்டு 1 முதல் 1,700 கட்டாயம்.) அந்தக் கால்வாசி என்பது கிட்டத்தட்ட ஒரு ஆளின் சம்பளமும் கடை வாடகையும்.

வரம்பு வைப்பது அடுத்தது. ஒரு குடும்பம் மாதம் வாங்கும் சாமானுக்கு மேல் கடன் நிற்கக் கூடாது. மாதம் 400 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு 400 தான் உச்சம். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் முன்னாலேயே எழுதிவிடுங்கள். பழைய பாக்கியைப் புதுப் பக்கத்தோடு சேர்க்க வேண்டாம். அதற்குத் தனி நோட்டு, சம்பளத்துக்கு 20 அல்லது 30 வெள்ளி என்று கழித்து வரலாம். கூட்டி எழுதினால் கட்டுகிறவருக்கும் தொகை மலையாகத் தெரியும், கடைப் பக்கமே தலைகாட்டமாட்டார். ஒரே நாளில் எல்லாருக்கும் கடனை நிறுத்துவதும் இதே கதைதான். பாக்கி வைத்தவர் அடுத்த கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவார், உங்கள் பணம் அப்படியே நிற்கும்.

கடனுக்கு என்ன கொடுக்கலாம் என்பதிலும் கறாராக இருங்கள். அரிசி, எண்ணெய், மாவு, பால் மாவு சரி. சிகரெட்டும் கைப்பேசி டாப்-அப்பும் கூடாது. டாப்-அப்பில் கிடைப்பது வெள்ளிக்குச் சில சென். ஒருவர் 30 வெள்ளி டாப்-அப் கடனைக் கட்டாமல் போனால் அதை ஈடுகட்ட எத்தனை பேருக்கு டாப்-அப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் என்றால் ஒரு சம்பளத்துக்கு மேல் வேண்டாம். நாணயக் குறைவு காரணமல்ல, வேலை பெர்மிட் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அவருக்கே சில சமயம் முன்கூட்டித் தெரியாது.

கடன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் பலருக்குப் பெரிய வேதனை. கோயிலில் பார்க்கும் முகம், மகளின் வகுப்புத் தோழியின் அம்மா. அதற்கு ஒரு வாக்கியத்தை முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். “அக்கா, பழசுல 50 வெள்ளி வச்சிட்டு இந்த மாசச் சாமானை எடுத்துக்குங்க.” இல்லை என்ற சொல்லே அதில் வராது. கல்லாவில் நிற்கும் பையனும் இதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவன் ஒன்று சொல்லி நீங்கள் ஒன்று சொன்னால், நீங்கள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

இனி தேதிகள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். தோட்டத்துக்கும் அதுதான், உங்கள் வேலையாளுக்கும் அதுதான். சேமநிதியும் சொக்சோவும் 15-க்குள். வாடகை பெரும்பாலும் 1-ஆம் தேதி. தோட்டத்துப் பணம் உங்கள் கல்லாவுக்கு வருவதோ 7-க்கு மேல். ஆக 1 முதல் 7 வரை கடையில் வறட்சி, அந்த வாரத்தில்தான் எல்லாரும் கேட்டு நிற்பார்கள். மாதாமாதம் அந்த வாரத்தில் வீட்டில் சண்டை வந்தால் அதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 10-ஆம் தேதிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ஈப்போ மொத்த வியாபாரியிடம் 30 நாள் தவணை இருந்தால், பில் எந்தத் தேதியில் போட்டாலும் 12-ஆம் தேதி கட்டுவதாகப் பேசலாம். தவறாமல் கட்டுகிறவர் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தவறிய பிறகு கேட்டால்தான் முகம் மாறும்.

மாற்ற முடியாததற்கு, நாள் ஒதுக்கீடு. ஆள் 1,955, வாடகை 1,200, குளிர்பெட்டிகளோடு கரண்டு 600, வேன் தவணை 650, சில்லறைச் செலவு 275 என்றால் மாதம் 4,680 வெள்ளி. 26 வியாபார நாளால் வகுத்தால் 180. ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணும்போது முதலில் 180 வெள்ளியைத் தனியே எடுங்கள், மீதிதான் அன்றைய வியாபாரம். இந்தப் பணத்தைக் கடை டின்னில் வைத்தால் தங்காது. “பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்” என்று விற்பனையாள் வந்ததும் கை டின்னுக்குள் போகும். தனி வங்கிக் கணக்கு, வாரம் இருமுறை இயந்திரத்தில் போட்டுவிடுவது, அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டில். உங்களுக்கும் வாரச் சம்பளம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவிலிருந்து மீனுக்கும் டியூஷனுக்கும் எடுத்துக்கொண்டே இருந்தால் கடை ஓடுகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது.

மரத்தின் காலண்டரையும் சுவரில் மாட்டுங்கள். பிப்ரவரி வாக்கில் ரப்பர் இலை உதிரத் தொடங்கி, தளிர் விட்டுத் தேறும்வரை பால் குறையும். ஆண்டின் முதல் மாதங்களில் செம்பனைக் குலையும் குறைவு. எடைக்குக் கூலி வாங்குகிறவரின் கை அப்போது சுருங்கும், நோட்டில் பாக்கி ஏறும். தீபாவளிச் சரக்குக்கு வாங்கிய கடனின் தவணையும் இதே மாதங்களில் வந்து மோதுவதுதான் தொல்லை. தீபாவளிச் சரக்கை ஒரே லோரியில் இறக்காமல் மூன்று தடவையாக எடுங்கள், கடைசித் தடவை பண்டிகைக்கு ஒரு வாரம் முன். விற்காத முறுக்கு மாவில் வண்டு விழும், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை வாங்கும்போதே பேசிவிட வேண்டும்.

வெளிக் கடன் பற்றிச் சுருக்கமாக. உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவர் அடமானத்தோடு ஆண்டுக்கு 12 சதவீதம், அடமானம் இல்லாமல் 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஐசியையோ (அடையாள அட்டை) ஏடிஎம் கார்டையோ வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்கிறவர் ஆலோங்தான் (சட்டவிரோத வட்டிக்காரர்), பெயர்ப் பலகை எப்படி இருந்தாலும். சரக்குக்குப் பணம் புரட்டக் கூட்டு (சீட்டு) நடத்துவது 1971 சட்டப்படியே குற்றம், ஒருவர் ஓடிப்போனால் பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம். தவணை தவறும் நிலை தெரிந்ததும் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்திடம் போங்கள். ஆலோசனை இலவசம், வங்கியோடு அவர்களே பேசுவார்கள். புது முதலுக்கு தெக்குன் ஸ்பூமி (இந்தியத் தொழில்முனைவோருக்கான அரசுக் கடன் திட்டம்) இருக்கிறது. பழைய கடனை அடைக்க அதை வாங்காதீர்கள்.

வேலையாளுக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் சட்டத்தில் இருக்கிறது, முதலாளிக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. சம்பள வாரத்தில் கடையை மூட முடியாதுதான். ஆனால் 20-க்கு மேல் வியாபாரம் எப்படியும் மந்தம். அந்த நாட்களில் வாரம் ஒரு மதியம் மூடி, பலகையில் எழுதி மாட்டுங்கள். மூடவே முடியாது என்கிறவர்கள் கடன் வரம்பு, சாமான் விலை, யாருக்கு இன்று பணம் தர வேண்டும் என்ற விவரங்களை ஓர் அட்டையில் எழுதி, சில்லறையாக 150 வெள்ளியும் கொடுத்து, வேறு ஒருவரை உட்கார வைத்துப் பழக்குங்கள். முதல் இரண்டு தடவை கணக்கு உதைக்கும், பரவாயில்லை. வாட்சாப்புக்குக் கடை எண் தனியாக இருக்கட்டும். இரவு 11 மணிக்கு “அண்ணே கேஸ் இருக்கா” என்று வரும் செய்திக்குக் காலையில் பதில் போட்டால் போதும்.

உடம்புக்கு வருவோம். கடையில் நிற்கிறவர் ஒரு நாளில் குடிக்கும் தே தாரேக்கும் கோப்பி ஓ-வும் சொல்லி முடியாது. காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆகவே கடைசிக் கோப்பை மாலை 3 மணிக்கு. தூக்கத்துக்காக ஒரு பீர் என்பது கணக்குத் தப்பு. சீக்கிரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மூன்று மணிக்கு விழித்தால் கைப்பேசியில் கணக்குப் பார்க்காமல், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம்.

இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சின்னச் சொல்லுக்கும் வீட்டில் எரிந்து விழுந்தால் அரசு கிளினிக்குக்குப் போக வேண்டும். போகாததற்குப் பேராவில் ஒரு தனிக் காரணம் உண்டு: மனசு என்று வாயெடுத்தாலே, மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி “தஞ்சோங் ரம்புத்தான்” என்று கேலி செய்வார்கள். பெரும்பாலானோருக்கு அந்த மருத்துவமனை வாசலே தேவைப்படாது. கிளினிக்கில் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் அளப்பார்கள், தேவையானால் ஆலோசனையோ மருந்தோ. குடிமக்களுக்கு 1 வெள்ளி. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் ஹீல் மனநலத் தொலைபேசி 15555. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் தள்ளிப்போடாமல் பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929, எந்த நேரத்திலும். கிளினிக்குக்குப் போகும்போது ஒரு வாரத் தூங்கும் நேரத்தையும், சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்துப்போங்கள். 20-க்கு மேல் ஒரு வேலை நாள், காலை 8 மணிக்கு. கல்லாவில் அட்டையோடு பழகிய ஆள் அன்றைக்கு இருக்கட்டும்.