மலத்தில் முட்டை இல்லை என்றால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை

ஃபேசியோலா என்ற கல்லீரல் தட்டைப்புழு உடம்புக்குள் போன முதல் மூன்று, நான்கு மாதம் மலத்தில் முட்டையே வராது. இளம்புழுக்கள் கல்லீரலைத் துளைத்துக்கொண்டு பித்தக்குழாயைத் தேடிப் போகிற காலம் அது. காய்ச்சல் இருக்கும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், ஈசினோஃபில் என்ற வெள்ளையணு எகிறியிருக்கும். மலப் பரிசோதனையோ நெகட்டிவ். ஆனால் 2 முதல் 4 வாரத்திலேயே ரத்தத்தில் ஆன்டிபாடி (புழுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) தென்படத் தொடங்கிவிடும். அந்த ஆன்டிபாடியைப் பட்டையில் கோடாகக் காட்டும் ரேபிட் டெஸ்ட்டின் பலமே இதுதான்.

ஃபிரிட்ஜில் வைத்த கிட் என்றால், உறையைப் பிரிக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிர்ந்தபடியே பிரித்தால் பட்டையில் ஈரம் படியும், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சீராக ஓடாது. சீரம், பஃபர் (அதோடு விடும் கரைசல்) இரண்டும் கிட்டில் சொன்ன அளவுதான். முடிவை அதில் சொன்ன நிமிடத்தில் பாருங்கள், தயவுசெய்து அதற்குப் பிறகு பார்க்காதீர்கள்: காய்ந்த பட்டையில் பொய்க்கோடு தோன்றும். டெஸ்ட் சரியாக ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு வராவிட்டால், டெஸ்ட் கோடு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த டெஸ்ட் செல்லாது. நேரத்துக்குள் வந்த மங்கல் கோட்டை ஒதுக்காமல் எலிசா என்ற ஆய்வக ஆன்டிபாடி பரிசோதனையில் உறுதிசெய்யுங்கள்.

மற்ற தட்டைப்புழுத் தொற்றுகளிலும் சில சமயம் கோடு விழும். ட்ரைக்ளாபெண்டசோல் மருந்து கொடுத்துப் புழு செத்த பிறகும் ஆன்டிபாடி பல மாதம் தங்கும். அதனால் குணமானதா என்று பார்க்க இந்த டெஸ்ட்டை நம்ப வேண்டாம். ஈசினோஃபில் அளவு, ஸ்கேன், அறிகுறிகள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.